தப்பு நோட்டும் மூன்று பெட்டிகளும்

எங்கள் கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஒயர் என்றால்தான் திரும்புவார். தோளில் எப்போதும் ஒரு சுருள் நீல ஒயர் தொங்கும், அதனால் வந்த பெயர். கிளைகளில் இருப்பவர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்து ஒயர் சார் என்பார்கள். எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அக்கா. ஒரே அலுவலகத்தில் பதினொரு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகிவிடுகிறது.

நான் பர்ச்சேஸ் பார்க்கிறேன். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, ஓட்டை நாற்காலியை மாற்றுவது என்று யாரும் தொட விரும்பாத எல்லாமும் என் மேசைக்குத்தான் வரும். என் வாய் கொஞ்சம் நீளம் என்று ஒரு பேச்சு உண்டு. நான் மறுத்ததில்லை.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. ஒன்பது கிளைகள். கிளையில் கண்ணைச் சோதித்துப் பவரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், அது தலைமைக் கடையின் பின்புறம் லென்ஸ் வெட்டும் அறைக்கு அந்த நிமிடமே வந்துவிடும். ஒவ்வொரு கிளையிலும் ஃபயர்வால் என்று ஒரு பெட்டி உண்டு. வெளியிலிருந்து எது உள்ளே வரலாம், உள்ளிருந்து எது வெளியே போகலாம் என்று வாசலில் நின்று பார்க்கிற காவலாள் அது. அந்தக் காவலாள் முரண்டு பிடித்தால் பவர் வராது, லென்ஸ் வெட்ட முடியாது, எங்கேயோ ஒருவர் கண்ணாடி இல்லாமல் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். உடனே ஒயர் பஸ் ஏறுவார். கடைசிக் கிளைக்குப் போக ஐந்து மணி நேரம். ஒருமுறை அவ்வளவு தூரம் போய்ப் பார்த்தால், டீ கெட்டிலைச் செருகுவதற்காகப் பெட்டியின் பிளக்கைக் கழற்றி வைத்திருந்தார்களாம். இவர் பிளக்கை மாட்டிவிட்டு, அந்த டீயையும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். நானாக இருந்தால் கெட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

போன வருஷக் கடைசியில் நான்காவது கிளையின் கம்ப்யூட்டர்களில் ஏதோ ஒன்று புகுந்து எல்லாக் கோப்பையும் பூட்டிவிட்டது. மூன்று நாள் கடை இருந்தும் இல்லாத மாதிரிதான். அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கிளையின் ஃபயர்வால் பெட்டிக்குப் புது வைரஸ்களைச் சொல்லிக்கொடுக்கும் ஒப்பந்தம் நான்கு மாதத்துக்கு முன்பே முடிந்திருந்தது. யாரும் புதுப்பிக்கவில்லை. முதலாளி எல்லோர் முன்னாலும் ஒயரை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒயர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. இவ்வளவு கவனமான மனுஷன் இதைப் போய் மறந்துவிட்டாரே என்று எனக்கும் அவர்மேல் எரிச்சலாகத்தான் இருந்தது.

அதோடு முதலாளி, ஒன்பது கிளைக்கும் பெட்டியை மாற்றச் சொல்லிவிட்டார். மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டோம். அதே வாரத்தில் ஒயர் என் மேசையில் ராஜினாமாக் கடிதத்தை வைத்தார்.

“என்ன தம்பி இது? திட்டினதுக்கா?”

“அதுக்கெல்லாம் இல்லக்கா. வீட்டுல முடியல.”

அவர் மனைவிக்கு இரண்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்திருந்தது. முப்பத்தெட்டு வயசு. வலது கை தூக்க வரவில்லை, பேச்சும் குழறிப்போயிருந்தது. முதல் ஆறு மாதம்தான் முக்கியம், தினமும் சாயங்காலம் கைக்கும் வாய்க்கும் பயிற்சி விடாமல் நடக்க வேண்டும் என்று சிகிச்சை கொடுப்பவர் சொல்லியிருக்கிறார். இவரோ வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கடையில், வாங்குவதில் பாதிச் சம்பளத்துக்கு, போன் எடுக்கும் வேலைக்குப் பேசி வைத்திருந்தார். மாசக் கடைசியில் போவதாக முடிவு.

எனக்கு உடனே மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. விலை வந்திருந்த மூன்று பெட்டிகளில் இரண்டு, கிளவுடிலிருந்து, அதாவது இன்டர்நெட் வழியாக, ஆளுகிற வகை. ஒரே திரையில் ஒன்பது கிளைப் பெட்டிகளையும் பார்க்கலாம், மாற்றலாம், சரி செய்யலாம். அலுவலகத்தில் இருந்தும் செய்யலாம், வீட்டில் இருந்தும் செய்யலாம்.

“அப்ப அதுல ஒண்ண வாங்கிட்டா நீங்க எங்கயும் அலைய வேண்டாமே. எது நல்லதுன்னு எழுதிக் குடுங்க, நான் கையெழுத்து வாங்கிடறேன்.”

“அதான்க்கா, நான் எழுதக் கூடாது.”

“ஏன்?”

“அது வந்தா எனக்கு வசதி. நான் நல்லா இருக்குன்னு சொன்னா, பெட்டி நல்லா இருக்கா, என் வசதி பேசுதான்னு எனக்கே தெரியாது. இதுல என் பேர் வேண்டாம். நீங்களே பார்த்து எடுங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊரில் ஆளாளுக்குத் தன் வசதிக்குச் சட்டத்தையே வளைக்கிறார்கள், இவர் ஒரு பெட்டிக்கு நீதிமான் ஆகிறார். எனக்கு ஃபயர்வாலைப் பற்றி என்ன தெரியும்? அதன் அட்டைப்பெட்டி எந்த சைஸ் என்று தெரியும். இதையெல்லாம் அவரிடமே சொன்னேன், இன்னும் கொஞ்சம் காரமாகவே சொன்னேன். அவர் பிடித்த பிடியில் நின்றார். கடைசியில் பையிலிருந்து ஓரம் மடங்கிய ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

“இத வெச்சுப் பாருங்க. விக்கிறவங்க கிட்ட பெட்டி என்னென்ன செய்யும்னு கேக்காதீங்க. நாம தப்பு பண்ணா அது என்ன செய்யும்னு பாருங்க.”

அது அவருடைய தப்பு நோட்டு. பதினொரு வருஷத்தில் வேலையில் அவர் செய்த தப்புகள், தேதி போட்டு, கிளை எண் போட்டு, நம்பர் போட்டு. மொத்தம் அறுபத்து மூன்று. சரியாகச் செய்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது. கெட்டில் கதையும் இருந்தது: ‘தப்பு 12. பிளக்கைக் கழற்றியவர்கள் மேல் குற்றமில்லை. கழற்றக் கூடாது என்று நான் எழுதி ஒட்டவில்லை.’ இப்படி ஒரு நோட்டு நான் எழுத ஆரம்பித்தால் எல்லாத் தப்பும் அடுத்தவர் பெயரில்தான் இருக்கும்.

தலைமைக் கடையில் பழைய ஃபிரேம்கள் அடைந்து கிடக்கும் பின்னறையை ஒழித்து, மேசை போட்டு, மூன்று கம்பெனிக்காரர்களையும் மாதிரிப் பெட்டியோடு வரச் சொன்னேன். ஆளுக்கு ஒரு நாள்.

முதல் நாள் வந்தவர் பழைய வகைப் பெட்டிக்காரர். விலை குறைவு, கிளவுடு கிடையாது. அவர் பேச ஆரம்பிப்பதற்குள் நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

“மேடம், ஓடிக்கிட்டிருக்கும்போது யாரும் அப்படிப் பிடுங்க மாட்டாங்க.”

“எங்க ஆளுங்க பிடுங்குவாங்க. டீ போடணும்.”

மறுபடி மாட்டியதும் பெட்டி ஒழுங்காக எழுந்து வந்தது. சபாஷ் போட்டேன். அடுத்து நோட்டைப் பிரித்துத் தப்பு 41-க்குப் போனேன். ஒயர் எழுதியிருந்தது இது: ‘இங்கிருந்தபடியே கடைசிக் கிளைப் பெட்டியில் ஒரு வழியை அடைத்தேன். நான் உள்ளே போனதும் அதே வழிதான் என்பது அடைத்த பிறகு தெரிந்தது. பஸ், போக ஐந்து மணி நேரம், வர ஆறு.’ அதாவது, வீட்டுக்குள் கையை விட்டு உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு வெளியே நிற்கிற கதை. அந்தத் தப்பை வந்தவரின் லேப்டாப்பில் அவரையே செய்யச் சொன்னேன். தயங்கித் தயங்கிச் செய்தார். பெட்டி ஊமையாகிவிட்டது.

“இப்ப என்ன பண்ணணும்?”

“ஒருத்தர் நேர்ல போய் ஒயரை மாட்டி சரி பண்ணணும் மேடம்.”

“அந்த ஒருத்தருக்கு டிக்கெட் நீங்க போடுவீங்களா?” என்று கேட்டேன். அசடு வழிந்தார்.

இரண்டாம் நாள் வந்தது பளபளவென்று இருந்தது. பெட்டியும் சரி, வந்தவரும் சரி. திரையில் ஒன்பது கிளைகளும் வரைபடத்தில் பச்சைப் புள்ளியாக மின்னின, எனக்கே கொஞ்சம் சபலம் தட்டியது. பராமரிப்பையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம், எங்களுக்கென்று ஆளே வேண்டாமாம். தப்பு 29-ஐ எடுத்தேன். பாஸ்வேர்டு வரும் போனை ஒயர் பஸ்ஸில் தொலைத்த தப்பு. ஒன்பது கிளைக்கும் ஒரே சாவி என்றால் அந்தச் சாவி தொலைந்தால் என்ன கதி? அதற்கு இவர்களிடம் நல்ல வழி இருந்தது, இரண்டாவது ஆள் ஒருவர் உள்ளே போய்ப் பழைய போனைத் தள்ளி வைத்துவிடலாம். பிறகு தப்பு 41. பச்சைப் புள்ளி சிவப்பானது. சிவப்பாகவே இருந்தது. அவர் தன் ஆபீசுக்குப் போன் போட்டார். பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்து, பெட்டியின் பின்னால் ஒரு ஓட்டை இருக்கிறது, அதில் குண்டூசியை விட்டுப் பத்து வினாடி அழுத்தினால் எல்லாம் அழிந்து புதுசாகிவிடும் என்றார்.

“கிளைல இருக்கிறவங்க குண்டூசிய எங்க விடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது” என்றேன்.

மூன்றாவது பெட்டி பார்க்கவே லட்சணமாக இல்லை. மண்டையில் ஆண்டெனாவும் இல்லை, திரையில் வரைபடமும் இல்லை, வெறும் பட்டியல். கொண்டு வந்த அம்மாவும் அதிகம் பேசவில்லை. நானே உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல, தப்பு 41-ஐ என் கையாலேயே செய்தேன். பெட்டி செத்தது. நான் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

“கொஞ்சம் உக்காருங்க மேடம்” என்றார் அந்த அம்மா.

உட்கார்ந்தோம். அவர் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினார், நான் என் முட்டி வலியைப் பற்றிப் பேசினேன். பத்து நிமிஷம் கழித்துப் பெட்டி தானாகவே உயிர் பெற்றது. திரையில் ஒரு வரி வந்தது: புது அமைப்பில் தொடர்பு கிடைக்கவில்லை, கடைசியாக வேலை செய்த அமைப்புக்குத் திரும்பிவிட்டேன். செய்தது தப்பென்று தானே உணர்ந்து திரும்பி வந்த ஒன்றை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். என் வீட்டுக்காரரிடம் முப்பது வருஷமாக எதிர்பார்க்கிறேன். பிறகு நெட் ஒயரையே உருவினேன். கிளவுடோடு பேச்சு அறுந்தாலும், கடைக்குள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு எல்லாம் போய்க்கொண்டிருந்தது, காவலும் விட்டுப்போகவில்லை. போன் தொலைக்கும் தப்பையும் அது தாங்கியது.

ஒன்றே ஒன்றுதான். அதை ஆள்வதற்கு எங்களுக்கென்று தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். பராமரிப்பை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை.

அறிக்கை எழுதுவதற்காக நோட்டை அன்று கடைசிவரை புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் தப்பு 63 இருந்தது. நான்காவது கிளை, வைரஸ் புகுந்த தேதி. ‘புதுப்பிக்கும் பேப்பரை அக்காவிடம் கையெழுத்துக்குக் கொடுத்தேன். அவருக்கு வேலை அதிகம். நான் மறுபடி ஒருமுறை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.’

மேசையின் கீழ் டிராயரைத் திறந்தேன். திரைச்சீலைத் துணி மாதிரிகள், காலாவதியான வாரண்டி அட்டைகள், அதற்கெல்லாம் அடியில் அந்தப் பேப்பர். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருந்தார். அதை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அக்காவிடம் கொடுத்தேன் என்று. திட்டெல்லாம் என் தலையில் இறங்கியிருக்கும். சொல்லவில்லை. தனக்காகத் தானே எழுதிக்கொள்ளும் நோட்டில்கூட என் மேல் பழி போடவில்லை.

மறுநாள் முதலாளி அறையில் மூன்று பெட்டிகளின் கதையையும் சொன்னேன். ராஜினாமாவையும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார்.

“ஒயர் போறார்னா, ரெண்டாவது கம்பெனிக்கே குடுத்துடுங்கம்மா. பராமரிப்பையும் அவங்களே பார்த்துக்கறாங்க. நல்ல மனுஷன்தான், ஆனா ஒரு பேப்பர புதுப்பிக்க மறக்கிற ஆள நம்பி எப்படி ஒன்பது கிளைய ஒரே சாவில குடுக்கிறது?”

எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது, பேப்பர் கைப்பையில் இருந்தும் நான் அதை உடனே எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷ வேலை. முதலாளி வாயைத் திறந்தால் எங்கே போய் நிற்பார் என்று தெரியாது. எனக்கும் வீடு இருக்கிறது, மாதாமாதம் கட்ட வேண்டியது இருக்கிறது. ஒயர் எப்படியும் போகத்தான் போகிறார் என்று உள்ளே ஒரு குரல் ஓதியது.

பேப்பரை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன்.

“மறந்தது அவர் இல்ல சார். நான். என் டிராயர்ல இருந்தது. அவர் குடுத்த தேதி மேல இருக்கு பாருங்க.”

முதலாளி பார்த்தார். ஒயரை வாங்கினதைவிடக் கூடுதலாகவே என்னை வாங்கினார், அரை மணி நேரம். பூசி மெழுக எனக்கு எதுவும் இல்லை, அதனால் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். கடைசியில் அவர் தண்ணீர் குடித்தார். நான் தப்பு நோட்டை அவர் பக்கம் தள்ளினேன். முதல் பக்கத்திலிருந்து படித்தார். நடுவில் எங்கேயோ சிரித்தார், கெட்டிலாக இருக்கும். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது சிரிப்பு இல்லை.

“அன்னைக்கு ஏன் இவர் வாயே திறக்கல?”

“தெரியல சார்.”

“கூப்பிடுங்க அவர. நான் அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்.” அப்புறம் நோட்டை மூடிவிட்டு, “மூணாவது பெட்டியே வாங்கிடுங்க. காலைல வரட்டும், நாலு மணிக்குக் கிளம்பட்டும், மிச்சத்த வீட்டுலருந்து பார்க்கட்டும். சம்பளம் அப்படியே இருக்கட்டும்” என்றார்.

உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்த ஒயர் என் மேசை முன்னால் நின்றார். கண் சிவந்திருந்தது.

“ஏன்க்கா சொன்னீங்க?”

“நீங்க ஏன் தம்பி சொல்லல?”

 அவர் தோளிலிருந்த நீல ஒயரை இறக்கி, மறுபடி சுற்றி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். நான் ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்தேன். குறுக்கே கிழித்தும் மனசு ஆறாமல் நெடுக்கேயும் கிழித்தேன்.

பெட்டிகளைக் கிளைகளுக்குப் பார்சலில் அனுப்பினோம். எந்த ஓட்டையில் எந்த ஒயர் என்று கலர் ஸ்டிக்கர் ஒட்டி, பிளக்கின் மேல் கழற்றாதே என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பினார் ஒயர். பிரித்து மாட்டினால் போதும், மீதியை அது கிளவுடிலிருந்து தானே வாங்கிக்கொள்ளும். கடைசிக் கிளையில் அதை மாட்டியது அதே கெட்டில்காரர்தான். இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு, தானே கண்டுபிடித்த மாதிரி எனக்குப் போன் பண்ணிப் பீற்றிக்கொண்டார்.

மூன்றாவது வாரம், சாயங்காலம் ஐந்தரை இருக்கும். கடைசிக் கிளையிலிருந்து கண்ணாடிப் பவர் எதுவும் இங்கே வந்து சேரவில்லை என்று போன் வந்தது. லென்ஸ் வெட்டுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பழக்க தோஷத்தில் எதிர் மேசையைப் பார்த்தேன், நாற்காலி காலியாக இருந்தது. அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்த உடனே எடுத்தார்.

“பார்த்துட்டேன்க்கா, திரையில தெரியுது. ரெண்டே நிமிஷம். இங்க பயிற்சி நடக்குது, அவ கைய நான் பிடிச்சு எண்ணிட்டு இருக்கேன், மூணு ஆச்சு, பத்து ஆனதும்…”

அவர் முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. இழுத்து இழுத்து, ஒவ்வொரு எழுத்தையும் தூக்கி வைப்பதுபோல் வந்தது.

“நீங்க… வேலைய… பாருங்க. நானே… எண்ணிக்கறேன்.”

ஒயர் போனை மேசைமேல் வைத்துவிட்டார் போலிருக்கிறது, கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் அந்தக் குரல் எண்ண ஆரம்பித்தது. நாலு. நீண்ட நேரம் கழித்து அஞ்சு. ஆறு கொஞ்சம் சுலபமாக வந்தது. ஏழு வரவே இல்லை, இரண்டு தடவை தடுமாறி, பிறகு வந்துவிட்டது. லென்ஸ் வெட்டும் அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, “அக்கா, வந்துடுச்சு, பவர் வந்துடுச்சு” என்று கையை ஆட்டினார்கள். நான் அவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எட்டு சொல்லியாயிற்று. ஒன்பதுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.